எழுத்துக்கு ஒன்றரை ரூபாய்

ஜகதேவி சாலையில் எங்கள் கம்பெனி.
வாசல் சாக்கடைமேல் கிடக்கிறாள் ஒரு மார்கரெட்.
பேரில் ஓரெழுத்து குறைந்ததால்
கப்பலேறாமல் நின்றுபோன கல்.
அவளை மிதித்துத்தான்
காலை ஷிப்டுக்கு உள்ளே போகிறோம்.

என் வேலை உரிப்பது.
கறுப்புக் கல்லில் ஒட்டிய ரப்பர் தாளில்
மெஷின் கீறிவிட்ட இங்கிலீஷ் எழுத்துகளை
ஊசிமுனையால் நெம்பி எடுப்பது.
ஓ-வுக்கு நடுவில் ஒரு வட்டம் உண்டு,
அதைமட்டும் விட்டுவிட வேண்டும்.
தீவு என்போம் அதை.
தீவு பெயர்ந்தால் எழுத்து போச்சு,
வெறும் குழி.

இந்த வாரக் கல் ஆறடி.
இங்கிலாந்தின் கிழக்குக் கரையில்
ஸ்கெல்னெஸ் என்று ஓர் ஊராம்.
எதிரே கடலுக்குள்
இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல்திட்டாம்.
தொண்ணூறு வருஷத்தில் அது வாங்கிய கப்பல்கள்,
கப்பலுக்குக் கீழே ஆட்கள்,
ஆட்களுக்குப் பக்கத்தில் வயது.

ப்ராவிடன்ஸ், நிலக்கரி ஏற்றி வந்தது,
கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி.
குட் இன்டென்ட், மீன் பிடிக்கப் போனது.
நல்ல எண்ணம்னு அர்த்தம்க்கா, என்றாள் நஸ்ரின்.
அதில் ஒரு பையனுக்குப் பதினொன்று.
பிறகு பேரே இல்லாத ஒரு மீட்புப் படகு.
காப்பாற்றப் போனவர்கள் மூன்று பேர்,
ஒரே வீட்டுக்காரர்கள்:
ப்ளோ, ப்ளோ, ப்ளோ.
மூன்றாவது ப்ளோவுக்குக்
கண் தேவைப்படவில்லை, விரலே போனது.

எழுத்துக்கு ஒன்றரை ரூபாய்.
டாம் பை என்றொருவன், ஆறெழுத்து,
ஒன்பது ரூபாயில் முடிந்துவிட்டான்.

கடைசிக் கப்பல் ஆலிஸ் க்ரே,
கல்கத்தாவில் சணல் ஏற்றியது.
கேப்டன், தச்சன், சமையல்காரன், எல்லாம் பேரோடு.
அப்புறம் ஒரு நீள வரி:
லாஸ்கர்கள் நால்வர், பெயர் தெரியவில்லை.
வயதும் இல்லை.

லாஸ்கர்னா எந்த ஊரு? என்றேன்.
நஸ்ரின் போனைத் தேய்த்துப் பார்த்தாள்.
ஊரில்லக்கா, ஆளுங்க.
நம்ம பக்கத்துக் கரையிலேர்ந்து
கப்பல் வேலைக்குக் கூட்டிட்டுப் போனவங்க.
சொல்லிவிட்டு அடுத்த தாளை வெட்டப் போய்விட்டாள்.

நான் எண்ணினேன்.
இங்கிலீஷில் இருபத்து நாலு எழுத்து.
முப்பத்தாறு ரூபாய்.
ஆளுக்கு ஒன்பது.
டாம் பைக்கும் அதேதான்.
கணக்கு சரியாக வந்தது,
எனக்குத்தான் அது பிடிக்கவில்லை.
அந்த வரியில் எட்டுத் தீவு.
ஒன்றும் பெயரவில்லை.

திம்மராயன் காற்றுக்குழாய் பூட்டிய தலைக்கவசம் மாட்டி
ஆழத்துக்கு இறங்குகிறவன்போல
தகர அறைக்குள் போனான்.
மணலைப் பீய்ச்சினான்.
கப்பல்களைத் தின்றது மணல்.
பேர்களைத் தோண்டுவதும் மணல்.
அந்த இரைச்சலில்
மேனேஜர் வாய் மட்டும் அசைந்தது.

வெள்ளிக்கிழமை பெட்டி அடித்தார்கள்.
சென்னைத் துறைமுகம்வரை லாரி,
அப்புறம் ஒரு மாசத் தண்ணீர்.
நான் பார்த்த பெரிய தண்ணீர்
கே.ஆர்.பி. அணை,
அதுவும் மதகு திறந்த அன்றைக்கு.

கிருஷ்ணகிரியில் பஸ் மாறி உட்கார்ந்ததும்
முழங்கைக்குக் கீழே ஏதோ உறுத்தியது.
உரித்த எழுத்தொன்று, பச்சை ரப்பர்,
வளைந்த எஸ்.
எந்தக் கப்பலுடையதோ, யாருடையதோ,
சொல்ல வழியில்லை.
ஜன்னலுக்கு வெளியே போட இருந்தேன்.
டிக்கெட்டின் பின்னால் ஒட்டிவைத்தேன்.

பட்டணம் பட்டணம், எறங்கு,
கண்டக்டர் கதவைத் தட்டினான்.
காவேரிப்பட்டணம்.
காவேரியும் கிடையாது, கடலும் கிடையாது,
தென்பெண்ணை ஓரமாய் ஒரு பஸ் ஸ்டாண்டு.
கீழே நின்று எண்ணிப் பார்த்தேன்.
இறங்க வேண்டியவர்கள்
எல்லோரும் இறங்கிவிட்டோம்.